இடது பக்கம் காலி

ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் கம்பெனிக்குள் அதிகம் காதில் விழும் சொல் ‘ரிலீவர்’. “ரிலீவர் வந்துட்டானா?” “ரிலீவர் வராம மெஷினை விட்டு நகராதே.” மாலை மூன்றரை மணிக்கு முதல் ஷிப்டுக்காரர் கையுறையைக் கழற்றுவார், அதே மெஷினுக்கு முன்னால் இரண்டாம் ஷிப்டுக்காரர் வந்து நிற்பார். யாராவது வரவில்லையென்றால் நான் காண்ட்ராக்டருக்குப் போன் செய்வேன். கொஞ்ச நேரத்தில் அதே நிறச் சட்டையில் வேறொரு பையன் வந்து நிற்பான். மெஷின் நிற்காது. யார் வரவில்லை என்பது பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலி இடத்தை நிரப்புவதுதான் என் வேலை.

நிரப்பாமல் விட்ட ஓர் இடம் என் நினைவில் இருக்கிறது. சேலத்தில் ஒரு கால்பந்து மைதானத்தின் இடது பக்கம். 2016 செப்டம்பர் 14, புதன்கிழமை காலை. நான் லெஃப்ட் பேக். எனக்கு முன்னால் எதிரணிக் கோல் வரைக்கும் எங்கள் ஜெர்சி ஒன்றுகூட இல்லை. அங்கே ஆட வேண்டியவன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுபோயிருந்தான்.

அந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரி அணி 9 ஆட்டம் ஆடியது. 8 தோல்வி, 1 சமன். அடித்த கோல் 5, வாங்கிய கோல் 31. கோப்பை எடுத்த அணிகளின் படம் கல்லூரி வராந்தாவில் மாட்டியிருக்கும். எங்கள் படம் எங்கும் இல்லை. அந்த அணியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதில் ஆடியவர்களில் ஒருவன்தான் எழுத வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

*

எங்கள் பி.டி. சார் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செலக்‌ஷன் நடந்த முதல் நாளே ஒவ்வொருவனிடமும் இரண்டு கேள்வி கேட்டார். “எந்த ஊர்ல இருந்து வர்றே? உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று முதல் ஊர்தான் எங்கள் பெயர். நான் சூளகிரி. கோல்கீப்பர் பழையபேட்டை; கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்குக் கீழே வீடு. ஸ்டாப்பர் பேக் காவேரிப்பட்டணம். மாந்தோப்புக்காரர் மகன், பெங்களூரா மாங்காய் சீசனில் கூழ் பேக்டரிக்கு லோடு ஏற்றிவிட்டுத்தான் பிராக்டிசுக்கு வருவான். ரைட் விங் தளி. பசுமைக்குடிலில் ரோஜா பறித்துப் பெட்டி கட்டும் வீட்டுப் பையன், விரல் முழுக்க முள் கீறல். நடுவில் கெலமங்கலம். சென்டர் ஃபார்வர்ட் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர்க்காரன் என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு. லெஃப்ட் விங் அத்திப்பள்ளி.

அத்திப்பள்ளி கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் ஓசூரில் யாரும் அதை வெளிமாநிலம் என்று நினைப்பதில்லை. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. பொம்மசந்திராவில் வேலை செய்பவர் ஓசூரில் குடியிருப்பார், ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவர் அந்தப் பக்கம் குடியிருப்பார். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை கர்நாடகத்தைக் கடந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருவதுபோல, ஆட்களும் காலையில் வந்து மாலையில் போவார்கள். சிப்காட் என்ற நிறுவனம் தொடங்கியது 1971இல். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அதற்குப் பிறகு லாரி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வந்து, ராகியும் கொள்ளும் விளைந்த செம்மண் பூமியில் மூன்று ஷிப்ட் ஓடத் தொடங்கியது. அத்திப்பள்ளிக்காரனின் அப்பாவும் அப்படித்தான் வந்தவர். அவர் கன்னடம், அம்மா தருமபுரிப் பக்கத்துத் தமிழ். அவன் இரண்டு மொழியிலும் கனவு காண்பவன்.

அவன் ஓடினால் பார்க்க வேண்டும். மெலிந்த உடம்பு, நீளமான கால். பந்தைக் காலுக்குப் போட்டால் அவனுக்குப் பிடிக்காது. “முன்னாடி போடு, கோட்டை ஒட்டிப் போடு, நான் எடுத்துக்கறேன்” என்பான். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி, காலியாகக் கிடக்கும் இடத்தில் பந்தைத் தள்ளிவிட்டால் போதும். எங்கிருந்தோ வந்து எடுத்துவிடுவான். பின்னால் இருந்து அந்தப் பந்தைப் போடும் வேலை என்னுடையது. இரண்டு வருடம் போட்டுப் போட்டு, தலையைத் தூக்கிப் பார்க்காமலே போடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

மைதானத்தில் எங்களுக்கு மொழிச் சிக்கல் இருந்தது. கெலமங்கலத்தான் வீட்டில் தெலுங்கு, கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். பழையபேட்டை உருது. அத்திப்பள்ளி அவசரத்தில் கன்னடம். ‘இவ்வு’ என்று ஒருவன், ‘தே’ என்று ஒருவன், ‘தா’ என்று ஒருவன். யார் யாரிடம் கேட்கிறான் என்று புரிவதற்குள் பந்து எதிரணி காலில் இருக்கும். சார் ஒரு நாள் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினார். “கொடு. தமிழ்லயும் கொடுதான், கன்னடத்துலயும் கொடுதான். இனிமே கிரவுண்டுல அந்த ஒரு வார்த்தைதான்” என்றார். அன்று முதல் பதினொரு பேரும் அந்த ஒரு சொல்லைத்தான் கத்தினோம். ஓசூர்க் காலைப் பனியில், ஆள் தெரியாத வெண்மைக்குள்ளிருந்து ‘கொடு, கொடு’ என்று குரல் மட்டும் வரும். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு பந்தை அனுப்புவோம்.

*

இவ்வளவு இருந்தும் ஏன் தோற்றோம்? காரணம் சொல்லித் தப்பிக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

கால்பந்தில் ஒன்றாக ஆடிய நாட்கள்தான் பலம். எங்களுக்கு அந்த நாட்கள் கிடைக்கவில்லை. முதலாண்டில் பதினெட்டு பேர் இருந்த அணி, மூன்றாம் ஆண்டில் பதிமூன்று ஆனது. மற்றவர்கள் படிப்பை விடவில்லை, பந்தை விட்டார்கள். கல்லூரி முடிந்ததும் நேராக இரண்டாம் ஷிப்டுக்குப் போனார்கள். பேக்கிங், லோடிங், டீபரிங். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு ரூபாய். தங்கை கல்லூரியில் சேர வேண்டும், அப்பாவுக்குக் கிரானைட் பாலிஷ் பட்டறையில் மூச்சு வாங்குகிறது, வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை. இதில் எதற்கு எதிராகவும் ‘பிராக்டிசுக்கு வா’ என்று சொல்ல முடியாது. நானே வாரத்தில் இரண்டு இரவு ஷிப்ட் போனேன். காலை ஆறு மணிக்கு வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி, நேராக மைதானத்துக்கு வந்து பூட்ஸ் மாட்டிய நாட்கள் உண்டு. கால் ஓடும், கண் பந்தைப் பார்க்காது.

எங்கள் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, தொப்பூர்க் கணவாயில் தூங்கி விழுந்து, ஊர் போய்ச் சேர்ந்து, தொண்ணூறு நிமிடம் ஆடி, தோற்று, புரோட்டா சாப்பிட்டுவிட்டு அதே கணவாய் வழியாகத் திரும்புவோம். எந்த மைதானத்தையும் நாங்கள் இரண்டாவது நாள் பார்த்ததில்லை. ஜூலையில் தருமபுரியில் 0–3. அடுத்து நாமக்கல்லில் 1–5. ஓசூரில் ஒரு கம்பெனி அணியோடு நட்பு ஆட்டம், 0–2. ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் மழையில் ஆடிய ஒன்று மட்டும் 2–2. அன்று அத்திப்பள்ளி இரண்டு கோலும் அடித்தான். இரண்டும் கோட்டை ஒட்டி நான் போட்ட பந்து. சேற்றில் விழுந்து கட்டிக்கொண்டோம். அந்த மாலையின் சேற்று வாசனை இன்றும் எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் 0–7. சொந்த மைதானம், சொந்தக் கல்லூரி மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி ஆட்டத்திலேயே அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்து தைல மரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் பூட்ஸைக் கழற்றவில்லை. பழையபேட்டை முகத்தைக் கிளவுஸால் மூடிக்கொண்டிருந்தான்.

சார் பெங்களூரு கௌதமபுரத்தில் வளர்ந்தவர். தமிழர்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் இன்றும் பீலேவுக்குச் சிலை இருக்கிறது. அம்பேத்கர் சிலைக்குப் பக்கத்தில் பீலே. கால்பந்து அங்கே வீட்டுச் சாமி மாதிரி. சார் எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்து, திட்டாமல், ஒரு கதை சொன்னார். அது கதையல்ல, நடந்தது.

“1948 லண்டன் ஒலிம்பிக். பிரான்ஸ்கிட்ட 2–1னு தோத்தோம். ரெண்டு பெனால்டி கோட்டை விட்டோம். அன்னைக்கு நமக்கு விழுந்த ஒரே கோலை அடிச்சது யாரு தெரியுமா? சாரங்கபாணி ராமன். நம்ம பெங்களூர்ல ஆடினவர். இந்தியாவுக்கு ஒலிம்பிக்ல முதல் கோல் அது. பெரும்பாலானவங்க வெறுங்கால்ல ஆடினாங்க. அடுத்து 1952, ஹெல்சிங்கி. முந்தின வருஷம்தான் டெல்லியில ஆசியப் போட்டியில தங்கம் ஜெயிச்சிருந்தோம். யூகோஸ்லாவியாவோட மேட்ச். குளிர். மறுபடியும் வெறுங்கால்தான் நிறையப் பேருக்கு. எத்தனை கோல் வாங்கினோம்? பத்து. 10–1.”

யாரும் பேசவில்லை.

“அந்த ஒண்ணு இருக்கே, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். அஹமத் கான். அவரும் பெங்களூர்க்காரர்தான். ஆட்டம் முடியப் போற கடைசி நிமிஷங்கள்ல அடிச்சாரு. அந்த கோலால எதுவும் மாறாது. ஆனா பத்து வாங்கின டீமுல ஒருத்தன் இன்னும் எதிராளி கோல் பக்கம் ஓடிக்கிட்டு இருந்தான். அவன் இடத்துல அவன் நின்னான். அதுக்கு மேல நான் உங்ககிட்ட கேக்க மாட்டேன். ஜெயிச்சுக் குடுங்கன்னு கேக்க மாட்டேன். அவனவன் இடத்துல நில்லுங்க.”

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் இந்திய வீரர்கள் பூட்ஸ் அணிய வேண்டும் என்று கட்டாயமானது என்பதையும், நான்கு ஆண்டு கழித்து 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் வந்தது என்பதையும் சார் அன்று சொல்லவில்லை. நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சொல்லியிருந்தால், தோல்விக்குப் பிறகு வெற்றி வரும் என்ற ஆறுதலாக அது ஆகியிருக்கும். அந்த ஆறுதலை அவர் தரவில்லை. எங்களுக்கு வெற்றி வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் மாணவனை மதிக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

*

செப்டம்பர் 5ஆம் தேதி, தமிழ்நாட்டுக்குப் பத்து நாட்கள் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் காவிரி நீரைத் திறந்துவிடும்படி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. 9ஆம் தேதி கர்நாடகத்தில் பந்த். 12ஆம் தேதி, திங்கட்கிழமை, பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. இந்தப் பக்கமும் கல் விழுந்தது. பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன. நூற்றுக்கணக்கான லாரிகள் நெடுஞ்சாலை ஓரம் வரிசை கட்டி நின்றன. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜனங்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையில் நடந்தார்கள். பகலும் இரவும் சத்தம் அடங்காத அந்தச் சாலையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

இந்தப் பக்கம் ஊர்வலத்தில் ‘கொடு’ என்று கத்தினார்கள். அந்தப் பக்கம் ‘கொடல்ல’ என்று கத்தினார்கள். டீக்கடை டிவியில் இரண்டையும் கேட்டேன். காலைப் பனியில் நாங்கள் கத்திய அதே சொல். எனக்கு அடிவயிறு பிசைந்தது. தண்ணீர் கேட்கும் டெல்டா விவசாயியின் தாகம் உண்மை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓர் எல்லை ஊரில் அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்திலும் என் ஆட்கள் இருந்தார்கள்.

புதன்கிழமை சேலத்தில் எங்களுக்கு ஆட்டம். அந்தப் பருவத்தின் முக்கியமான போட்டி. பதிமூன்று பேரில் ஒருவனுக்கு டைபாய்டு. ஒருவன் நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்தது. சார்தான் அவனைப் போகச் சொன்னார். மிச்சம் பதினொரு பேர். செவ்வாய் இரவு பத்து மணிக்கு அத்திப்பள்ளி எனக்குப் போன் செய்தான். “காலையில நடந்தே வந்துடறேன்டா. நாலு மணிக்குக் கிளம்பினா அஞ்சரைக்குள்ள ஓசூர். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே பஸ் ஏறிடறேன்.” குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. பின்னால் அவன் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. தமிழில், ரொம்ப மெதுவாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

செவ்வாய்க்கிழமை பக்ரீத். பழையபேட்டை பண்டிகை வீட்டிலிருந்து நேராகக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினான். பெரிய தூக்குவாளியில் பிரியாணி. “பதினோரு பேருக்கு அம்மா கட்டிக் குடுத்தாங்க” என்றான்.

சேலத்தில் காலை ஒன்பதரை வரை பார்த்தோம். போன் எடுக்கவில்லை. பிறகு ஸ்விட்ச் ஆஃப். போட்டி நடத்துபவரிடம் கொடுக்க வேண்டிய பட்டியலில் சார் பதினொரு பேரும் எழுதினார். கடைசியாக, 11ஆம் நம்பர், அவன் பெயர். “ஏழு பேர் இருந்தா ஆட்டம் ஆரம்பிக்கலாம். லிஸ்ட்ல பேர் இருந்தா லேட்டா வந்தாலும் இறங்கலாம். ரூல் இருக்கு” என்றார். அவன் பெயரை அவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடமாக அத்திப்பள்ளி என்றே கூப்பிட்டவருக்கு இனிஷியலோடு முழுப்பெயரும் தெரிந்திருந்தது.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் முதல் கோல். என் பக்கம்தான். எதிரணி விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டது. அவர்களுடைய ரைட் பேக்கைத் தடுக்க எதிரில் ஆள் இல்லை. அதனால் அவனும் ஏறி வந்தான். என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனை மறித்தால் அடுத்தவனிடம் பந்து போகும். இரண்டாவது கோலும் அதே வழி. இடைவேளையில் நான் சாரிடம் கிட்டத்தட்ட சண்டை போட்டேன்.

“சார், தளியை இந்தப் பக்கம் போடுங்க சார். இல்லே, நடுவுல இருந்து யாரையாவது இறக்குங்க. லெஃப்ட் முழுக்கக் காலி சார்.”

சார் என் தோளில் கை வைத்தார். “தளி இடது கால்ல ஆடறவன் இல்ல. அவனைத் தூக்கி அங்க போட்டா ரெண்டு பக்கமும் போயிடும். நடுவுல இருக்கறவன் அங்கயும் இங்கயும் ஓடினா நடுவும் போயிடும். அது அவன் இடம். அப்படியே இருக்கட்டும். நீ உன் இடத்துல நில்லு.”

பயிற்சியாளராக அந்த முடிவு சரியா தவறா என்று எனக்கு இன்றும் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது. தவறு என்றே பலர் சொல்லக்கூடும். ஆனால் அதைக் கேட்ட பத்து பேரில் ஒருவனும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாவது பாதியில் இன்னும் இரண்டு கோல். 0–4. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். களைப்பில் கண் இருட்டியது. பழையபேட்டை உருட்டிய பந்து என் காலுக்கு வந்தது. எதிரில் ஒருவன் வேகமாக வந்தான். நான் தலையைத் தூக்கவில்லை. இரண்டு வருடப் பழக்கம். கால் தானாக வேலை செய்தது. கோட்டை ஒட்டி, முன்னால், அளவாக ஒரு பந்து.

பந்து புல்லில் ஓடியது. நல்ல வேகம். எங்கள் பத்து பேரும் அதைப் பார்த்தோம். எதிரணி ரைட் பேக் ஓடாமல் நின்று, யாருக்குப் போட்டான் என்று சுற்றிலும் பார்த்தான். ஓர் ஆள் வந்து எடுக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, மெதுவாகி, கோட்டைக் கடந்து வெளியே போய் நின்றது. எதிரணிக்கு த்ரோ.

வெளிக்கோட்டில் நின்றிருந்த சார் அந்தப் பந்தை எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்து, “பாஸ் சரிதான்” என்றார்.

ஆட்டம் முடிந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டோம். பழையபேட்டை பதினொரு இலை போட்டான். ஒன்றை எடுத்து வைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அந்தப் பங்கைப் பஸ் டிரைவருக்குக் கொடுத்தோம்.

*

அன்று விடியற்காலை அவன் நடந்து வந்திருக்கிறான். பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செக்போஸ்ட் வரைக்கும். அங்கே நின்றவர்கள் இளம் பையன்களைக் கூட்டமாக விடவில்லை. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வழியாகச் சுற்றி வரப் பார்த்திருக்கிறான். அம்மா வந்து கையைப் பிடித்து அழைத்துப்போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று.

ஏனென்றால் நான் அவனுக்குப் போன் செய்யவில்லை. நான்கு கோலும் என் பக்கமாக விழுந்த கோபம் இருந்தது. நேரில் வரட்டும் என்று நினைத்தேன். பேருந்து ஓட வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் அவன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தேர்வு எழுத மட்டும் வந்தான். ஹால் டிக்கெட் வாங்கும் வரிசையில் பார்த்துக்கொண்டோம். பாடம் படித்தாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். மிச்சம் இருந்த ஆட்டங்களையும் தோற்றோம். யாரும் அவன் நம்பர் ஜெர்சியை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

அந்த அக்டோபரில் பெங்களூரு எஃப்.சி. ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. கன்டீரவா மைதானத்தில் 19ஆம் தேதி நடந்த அரையிறுதியில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3–1 என்று வென்றது. சுனில் சேத்ரி இரண்டு கோல். அந்தக் கோப்பையில் இறுதிக்குப் போன முதல் இந்திய அணி அதுதான். ஒரு மாதத்துக்கு முன் பெயரைச் சொல்லவே தயங்கிய ஊருக்காக, பழையபேட்டையின் மாமா கடையில் டிவி முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினோம். நவம்பர் 5ஆம் தேதி தோஹாவில் இறுதி ஆட்டம். ஈராக்கின் விமானப்படை அணியிடம் 0–1. சேத்ரி தலை குனிந்து நின்றதைத் திரையில் பார்த்தபோது, எங்களை முதன்முதலில் கன்டீரவாவுக்குக் கூட்டிப்போனவன் அத்திப்பள்ளிதான் என்பது நினைவு வந்தது. அவன் எங்கே, யாரோடு உட்கார்ந்து இதைப் பார்க்கிறானோ. போனைக் கையில் எடுத்தேன். நம்பர் வரை போய், வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் வருந்தும் சிறிய காரியங்களில் அது பெரியது.

*

போன வருடம் ஒரு உதிரிபாகச் சரக்கு விஷயமாக பொம்மசந்திரா போய்விட்டுத் திரும்பும்போது, அத்திப்பள்ளியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். அவன் நின்றிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தது. கையில் ஹெல்மெட், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அவனும் இப்போது சூப்பர்வைசர். பெண் குழந்தை, மூன்று வயது. பழையபேட்டை துபாயில். தளி சொந்தமாக இரண்டு பசுமைக்குடில் போட்டிருக்கிறான். காவேரிப்பட்டணம் மாந்தோப்பை விற்றுவிட்டான். சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொருவரையும் ஊர் பெயராலேயே விசாரித்து முடித்தோம். எதிரில் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டுப் பேருந்தும் கர்நாடகப் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அன்னைக்குச் சேலத்துல என் இடத்துல யாரு ஆடினாங்க?”

இத்தனை வருடம் இந்தக் கேள்வியை அவன் வைத்திருந்திருக்கிறான். ஒரு நாள் வராவிட்டால் வேறொருவன் வந்து நிற்கும் உலகத்தில் அவனும் நானும் இத்தனை வருடம் வேலை செய்துவிட்டோம். ஒவ்வொரு நாளும் பத்து இடத்தில் ஆள் மாற்றுகிறோம். தன் இடத்திலும் யாரோ நின்றிருப்பார்கள் என்றுதானே அவன் நினைத்திருப்பான்.

“யாரும் ஆடலடா. பத்து பேராத்தான் ஆடினோம். லிஸ்ட்ல உன் பேரு இருந்துச்சு. சார் எழுதினாரு.”

அவன் தலை நிமிரவில்லை.

“நான் ஒரு பாஸ் போட்டேன் உனக்கு” என்றேன். “பழக்கத்துல போட்டுட்டேன். வெளியே போயிடுச்சு.”

ஒரு லாரி போகும் நேரம் பேசாமல் இருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். இருபது வயதில் பார்த்த அதே பார்வை.

“காலுக்கா, முன்னாடியா?”

“முன்னாடி. கோட்டை ஒட்டி.”

“அப்போ எடுத்திருப்பேன்” என்றான்.